கரையும் பிள்ளையாரும் கரையாத சட்டியும்

விநாயகர் சதுர்த்திக் காலையில் தெருமுனையில் நின்று பார்த்திருப்பீர்கள். பலகைமேல் ஒரு குவியல் ஈரக் களிமண். அதில் ஒரு பிடி எடுத்து மர அச்சில் அப்பி, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பித் தட்டினால், தொப்பையும் தும்பிக்கையுமாகப் பிள்ளையார் வந்துவிடுவார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி, தலைக்கு ஒரு காகிதக் குடை. மூன்றாம் நாள் கிணற்றில் விடுவோம். சரம் சரமாகக் குமிழி வரும். கொஞ்ச நேரத்தில் ஆளே இருக்கமாட்டார்.

அதே கண்மாய் மண்ணில் செய்த சட்டியில் வருடக்கணக்காக மீன்குழம்பு கொதிக்கிறது. அது கரைவதில்லை.

“சட்டியைச் சுட்டிருக்கிறார்கள், பிள்ளையாரைச் சுடவில்லை” என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். சரியான பதில்தான். ஆனால் சுட்டால் மண்ணுக்கு என்ன ஆகிறது? வெல்லப்பாகும் சூட்டில்தான் பதம் ஏறிக் கல்லாக இறுகுகிறது. தண்ணீரில் போட்டால் மறுபடியும் கரைகிறது. மண் மட்டும் ஏன் பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கிறது? இன்னொன்றும் உண்டு. கடற்கரையில் ஈர மணலில் கட்டிய வீடு காய்ந்தால் உதிர்ந்துபோகிறது. களிமண் பொம்மையோ காயக் காயக் கெட்டியாகிறது. இரண்டுமே மண்ணும் தண்ணீரும்தான்.

விடை தேட ஒரு கிண்ணம் செய்வோம். சக்கரம் வேண்டாம், கை போதும். சக்கரம் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர்கள் கையால் பாண்டம் செய்துவிட்டார்கள். சீனாவின் சியான்ரெந்தோங் குகையில் கிடைத்த ஓடுகளுக்கு வயது சுமார் 20,000 ஆண்டுகள். நமக்குத் தேவை 300 கிராம் களிமண், ஒரு ஈரத்துணி, சமையலறைத் தராசு. தராசு எதற்கு என்று கேட்பீர்கள். கைவேலையில் பாதி, தண்ணீர்க் கணக்குதான்.

புட்டியில் ஒரு கைப்பிடி மண்

முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம். கண்மாய்க்கரை மண் ஒரு கைப்பிடியை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மேலே உள்ள தண்ணீர் மட்டும் மறுநாள் பார்த்தாலும் கலங்கலாகவே நிற்கும். அந்தக் கலங்கல்தான் களி.

களித் துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. அந்த அளவுள்ள துகள் தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் இறங்கச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். சிறியது என்பதைவிட முக்கியம் அதன் வடிவம். மணல் ஒரு கூழாங்கல்லின் குட்டி. களித் துகளோ தட்டையான தகடு. வெண்களியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், அறுகோணச் சீட்டுகளைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். ஒரு தகட்டின் தடிமன் அதன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

தட்டையாகவும் பொடியாகவும் இருப்பதால் மேற்பரப்பு கணக்கில்லாமல் பெருகுகிறது. ஒரு கிராம் வெண்களியில் உள்ள தகடுகளையெல்லாம் விரித்துப் பரப்பினால் பத்து முதல் இருபது சதுர மீட்டர் வரும். ஒரு சின்ன அறையின் தரை. அவ்வளவு பரப்பும் தண்ணீரோடு ஒட்டி உறவாட ஆயத்தமாக இருக்கிறது.

கரிசல் மண்ணின் களி இன்னொரு வகை. அங்கே தண்ணீர் தகடுகளுக்கு இடையில் மட்டுமல்லாமல், தகட்டுக்கு உள்ளேயே படலம் படலமாகப் புகுந்துவிடும். மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கோவில்பட்டிப் பக்கத்து நிலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதைத் தனியாக எடுத்து வனைந்தால், நிலம் செய்வதையே கிண்ணமும் செய்யும்.

வழுக்கும், பிரியாது

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கும். மேலே இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் வராது. களிமண்ணின் குணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. விரலால் அழுத்தும்போது கோடிக்கணக்கான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் புது இடத்துக்குப் போகின்றன. விரலை எடுத்ததும், நடுவிலுள்ள நீர்ப்படலமும் தகடுகளின் மின்னூட்டமும் அவற்றை அங்கேயே பிடித்து வைக்கின்றன. இந்தக் குணத்தைக் குழைவு என்போம். குழைவைத் தரும் மெல்லிய நீர்ப்படலத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வழுக்குநீர்.

மணலில் இது நடக்காது. உருண்டைகள் புள்ளிகளில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிகளில் தங்கிய துளி ஈரம் போனால் பிடிப்பும் போயிற்று.

சப்பாத்தி மாவையும் பிசைகிறோமே என்று தோன்றலாம். அது ரப்பர்போல இழுத்தால் திரும்பிக்கொள்ளும். கோதுமைப் புரதத்தின் வேலை. களிமண் விட்ட இடத்தில் நிற்கும். ஆனால் இரண்டையும் ஊற வைக்கவேண்டும் என்பதில் மாற்றமில்லை. தண்ணீர் ஒவ்வொரு தகட்டின் முகத்தையும் தேடிப் போய் நனைக்க நேரம் வேண்டும். குயவர்கள் மண்ணை ஊறவிட்டு, மறுநாள் காலால் மிதித்து, கையால் பிசைந்து, கல்லும் வேரும் பொறுக்கிய பிறகே வனைய உட்காருவது அதனால்தான். ஊறாத மண்ணில் ஓரிடம் சேறாகவும் ஓரிடம் கட்டியாகவும் இருக்கும். விரலுக்கு அது உடனே தெரியும்.

சாத்துக்குடி அளவு ஓர் உருண்டை

பதமான மண்ணில் 300 கிராம் எடுத்து உருட்டுங்கள். சிறிய சாத்துக்குடி அளவு வரும். பதம் பார்க்க ஒரு வழி: கொஞ்சம் மண்ணைச் சுண்டுவிரல் கனத்தில் கயிறாக உருட்டி விரலில் மோதிரம்போல் சுற்றுங்கள். வெடிக்காமல் வளைந்தால் சரி. வெடித்தால் ஈரம் போதாது, அல்லது களி போதாது. கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் அதிகம்.

உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு விரற்கனம் மிச்சமிருக்கும்போது நிறுத்தவேண்டும். இனி கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. கிள்ளு, கொஞ்சம் சுற்று, மறுபடி கிள்ளு. அடியிலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி மேலே வரவேண்டும். எல்லோரும் வாய் விளிம்பில்தான் தொடங்குவார்கள், எட்டுவதற்கு அதுதான் வசதி. பத்தே நிமிடத்தில் விளிம்பு மெலிந்து விரிந்து தாமரை இலைபோல் தொங்கும். அடி மட்டும் கல் கனத்தில் இருக்கும். விளிம்பைக் கடைசிவரை தடிமனாக விட்டுவைப்பதே இந்த வேலையின் முதல் பாடம்.

காரணம் அழகுக்கானது அல்ல. மெல்லிய இடம் முதலில் காயும். உங்கள் கைச்சூடே அதைக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த இடத்தில் தகடுகள் சறுக்காது, விரியத்தான் முடியும். ஆகவே விளிம்பில் சிறு சிறு வெடிப்புகள் தோன்றும். புதியவர் உடனே விரலைத் தண்ணீரில் தோய்த்துத் தடவுவார். பளபளவென்று சரியானதுபோல் தெரியும். மறுபடி வெடிக்கும், மறுபடி தடவுவார். ஐந்தாவது முறை சுவரே மடங்கி உட்கார்ந்துவிடும். நான்தான் அந்தப் புதியவர். அப்படி உட்கார்ந்த கிண்ணங்கள் என் கணக்கில் நான்கு. தண்ணீர் வெடிப்பை மூடவில்லை, மேல்பூச்சாகச் சேற்றைத்தான் பூசியது. வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் விரலால் நெருக்கி அழுத்தினால்தான் தகடுகள் சேரும். தண்ணீர் வேண்டுமென்றால் விரல்நுனியில் ஒரு பொட்டு, அதற்குமேல் வேண்டாம்.

சுவர் ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வாயகலத்தில் ஒரு கிண்ணம் கையில் இருக்கும். தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டியது போக 300 கிராம் என்றே வைத்துக்கொள்வோம்.

அறுபது கிராம் எங்கே போனது?

கிண்ணத்தைச் செய்தித்தாள்மேல் வைத்து நிழலில் காயவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எடை போட்டால் 240 கிராம் காட்டும். நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர் ஆவியாகிவிட்டது. வாயகலத்தை அளந்தால் 12 சென்டிமீட்டர் 11 ஆகியிருக்கும். காயும்போது நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குவரை சுருங்குவது களிமண்ணுக்குச் சாதாரணம்.

இந்தச் சுருக்கத்தை உள்ளே போய்ப் பார்க்கலாம். தோராயக் கணக்குதான். ஒரு தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், நம் ஆறு மில்லிமீட்டர்ச் சுவரில் சுமார் 60,000 தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு நீர்ப்படலம். சுவர் மொத்தமாகச் சுருங்குவது அரை மில்லிமீட்டர். அதை 60,000 படலங்களுக்குப் பங்கிட்டால், ஒரு படலத்துக்கு எட்டு நானோமீட்டர் வருகிறது. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீர் மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இருபத்தைந்து முப்பது பேர் நிற்கிற உயரம். ஒவ்வொரு படலத்திலிருந்தும் அந்தச் சின்னக் கூட்டம் கலைந்துபோவதால்தான் உங்கள் கிண்ணத்தின் வாய் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது.

வழுக்குநீர் போனதும் தகடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அத்துடன் சுருக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் ஈரம் தீரவில்லை. தகடுகள் முழுதாகப் பொருந்தாத சந்துகளில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இதை இடுக்குநீர் என்போம். இது போகும்போது எடை குறையும், அளவு குறையாது. ஆபத்தெல்லாம் முதல் கட்டத்தில்தான். விளிம்பு காய்ந்து சுருங்க, அடி இன்னும் ஈரமாகப் பெருத்தே நின்றால் இரண்டும் இழுபறி செய்யும். 12 சென்டிமீட்டர் வாய் 11 ஆவதென்றால் அதன் சுற்றளவில் மூன்று சென்டிமீட்டர் மறையவேண்டும். அந்த மூன்று சென்டிமீட்டரை அடி விட்டுக்கொடுக்காவிட்டால் மண் கிழிந்து எடுத்துக்கொள்ளும். விளிம்பில் ஈரத்துணி போர்த்துவதும், பிறகு கவிழ்த்து வைப்பதும், மின்விசிறிக்குக் கீழே வைக்காதே என்று அதட்டுவதும் எல்லா இடமும் ஒரே வேகத்தில் உலரத்தான். அடியில் செய்தித்தாள் போட்டதும் அதற்கே. பலகையில் நேராக ஒட்டிவிட்டால் அடி சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளக்கும்.

மண்ணோடு மணலோ, உமியோ, இடித்த ஓட்டுத்தூளோ கலப்பதற்கும் இதே காரணம். அவை சுருங்குவதில்லை. சுருங்குகிற களியின் பங்கு குறைவதால் மொத்தச் சுருக்கம் குறைகிறது. தண்ணீர் வெளியேற வழியும் கிடைக்கிறது. வீட்டில் மண்ணடுப்பு போட்ட நம் பாட்டிமார்கள் உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துப் பிசைந்தார்கள். கலக்காமல் போட்டால் அடுப்பு வெடித்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோல் பதம்

சேற்றுக்கும் கட்டாந்தரைக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. தொட்டால் குளுமை, அழுத்தினால் நகத்தடம் விழும், தூக்கினால் வளையாது. செருப்புத் தைக்கிற தோலின் விறைப்பு. தோல் பதம் என்று சொல்லலாம். வழுக்குநீர் பெரும்பாலும் போய், தகடுகள் முட்டிக்கொள்ளத் தொடங்கிய நேரம் அது.

கிண்ணத்துக்குக் கைப்பிடியோ காலோ வைக்க இந்தப் பதம்தான் ஏற்றது. ஒட்டவேண்டிய இரண்டு முகங்களையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, சந்தை மண்ணால் இழுத்து மூடவேண்டும். கீறுவது பசை பிடிக்க என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. கீறிய இடத்தில் தகடுகள் எல்லாத் திசையிலும் புரண்டு கிடக்கின்றன. குழம்பின் தகடுகள் அவற்றுக்குள் நுழைந்து கோத்துக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று உண்டு: இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருக்கவேண்டும். காய்ந்த கிண்ணத்தில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால், கைப்பிடி மட்டும் சுருங்கி, மறுநாள் தனியாகக் கிடக்கும்.

உயரமாகக் கட்டுவதற்கும் இதே பொறுமைதான் வேண்டும். ஈரச் சுவர் தன் பாரத்தையே தாங்காது. கயிறாக உருட்டிய மண்ணை வளையம் வளையமாக ஏற்றி, கீழ்ப்பகுதி விறைத்த பிறகே அடுத்த வளையம் வைக்கவேண்டும். நெல் கொட்டிவைத்த குதிர்கள் அப்படித்தான் எழுந்தன. இதன் உச்சம் பார்க்க விரும்பினால் புதுக்கோட்டை மாவட்டத்து அய்யனார் கோயில்களுக்குப் போகவேண்டும். பத்தடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் சுடுமண் குதிரைகள், வேளார் எனப்படும் குயவர்கள் கையால் கட்டியவை. நான்கு கால்களும் உள்ளே வெறும் குழல்கள். கால்கள் விறைத்த பிறகு வயிறு, வயிறு விறைத்த பிறகு கழுத்து. மண்ணில் மணலும் உமியும் வைக்கோலும் உண்டு. குதிரையின் கம்பீரத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்த நான்கு கால்களைப் பார்க்கும்போது, எந்த வேளையில் அடுத்த வளையம் ஏற்றலாம் என்று விரலால் தொட்டு முடிவுசெய்தவரைத்தான் நினைக்கத் தோன்றும்.

வெடித்த யானை

ஒரு பயிற்சி வகுப்பில் நான் செய்த யானை, சூளைக்குள் வெடித்தது. உள்ளே குடையாமல் முழுக்கட்டியாகச் செய்திருந்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேருடைய கிண்ணங்களும் சேர்ந்து போயின. “உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்” என்றார்கள். கைவேலை வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற வாசகம் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடைபட்ட காற்றை 900 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். களிமண்ணில் நுண்துளைகள் ஏராளம். காற்று மெல்லக் கசிந்துவிடும். தண்ணீரோ நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. நம் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி இடுக்குநீர் மிச்சமிருந்தால், எட்டரை லிட்டர் நீராவி. நுண்துளை வழியே அவ்வளவும் அவசரமாக வெளியேற முடியாது. என் யானை வெளியே எலும்புபோல் உலர்ந்து, வயிற்றுக்குள் ஈரமாக இருந்தது, குற்றவாளி அதுதான். தடித்த மண்ணில் குமிழியும் இருக்கும், ஈரமும் இருக்கும். பழி குமிழிமேல் விழுந்துவிட்டது.

பாத்திரம் உலர்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சூளையிலும் முதல் சில மணி நேரம் இளஞ்சூடுதான் கொடுக்கவேண்டும்.

இந்த வெடிப்புக்கு வயது அதிகம். செக் நாட்டின் தொல்னி வெஸ்தொனித்சே என்ற இடத்தில் 1925-இல் 11 சென்டிமீட்டர் உயரப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. வயது 25,000 ஆண்டுகளுக்கு மேல். நாம் அறிந்த மிகப் பழைய சுடுமண் உருவங்களில் ஒன்று. அங்கே ஆயிரக்கணக்கான உடைந்த மண்ணுருவத் துண்டுகளும் கிடைத்தன. உடைந்த பரப்புகளை ஆராய்ந்தவர்கள், பல உருவங்கள் ஈரத்தோடு தீயில் போடப்பட்டு வெடித்திருக்கின்றன என்றார்கள். வேண்டுமென்றே, வெடிக்கும் ஓசைக்காகவே போட்டிருக்கலாம் என்றும் ஊகித்தார்கள். என் யானைக்கு அப்படியொரு கௌரவமான காரணம் இல்லை.

கட்டுநீர்

கிண்ணம் இப்போது சூளையில் இருக்கிறது. நூறு டிகிரியைத் தாண்டியதும் இடுக்குநீர் முழுதும் போய்விடுகிறது. இனி எதுவுமில்லை என்று தோன்றும். ஆனால் 450 டிகிரியிலிருந்து 600 டிகிரி வரை ஏறும்போது எடை மறுபடியும் குறைகிறது. கண்ணுக்கு ஈரமே இல்லாத மண்ணிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது.

இது மூன்றாவது தண்ணீர். தகட்டின் உடம்பிலேயே, அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தச் சூட்டில் கட்டு அறுந்து, அவை நீராகச் சேர்ந்து பறந்துபோகின்றன. கட்டுநீர் என்று பெயர் வைக்கலாம். சுத்தமான வெண்களியில் எடையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு இப்படிக் கட்டுண்ட நீர். நம் மண்ணில் பாதி களி, மீதி மணலும் வண்டலும் என்று கொண்டால், 240 கிராம் கிண்ணம் 17 கிராம் இழந்து, 223-இல் வந்து நிற்கும்.

பிள்ளையாரும் சட்டியும் பிரியும் இடம் இதுதான். வழுக்குநீரும் இடுக்குநீரும் தகடுகளுக்கு வெளியே இருந்தவை. போனாலும் தகடு தகடாகவே இருந்தது. கட்டுநீர் போனால் தகடே குலைகிறது. சூடு இன்னும் ஏறும்போது, குலைந்த தகடுகள் தொட்ட இடங்களில் அணுக்கள் இடம்மாறி ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் போட்டுக்கொள்கின்றன. தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பழைய தகடு திரும்பாது. நனைக்கத் தனித்தகடே இல்லாதபோது கரைய என்ன இருக்கிறது?

பிள்ளையார் விஷயத்தில் ஒரு விசித்திரம். நன்றாக உலர்ந்த பிள்ளையாரைத் தண்ணீரில் விட்டால் மளமளவென்று உதிர்வார். செய்த உடனே, ஈரமாக விட்டால் மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஈரப் பிள்ளையாரின் இடுக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. புதிதாக எதையும் அவர் உறிஞ்சப்போவதில்லை. உலர்ந்தவரோ எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீரை உறிஞ்சுகிறார். உள்ளே மாட்டிய காற்று நெருக்கப்பட்டு வெளியே தள்ளுகிறது, தகடுகள் செதில் செதிலாகப் பிரிகின்றன. மிஞ்சிய மண்ணை மறுபடி பயன்படுத்த நினைப்பவர்கள் அதை முதலில் முழுதாகக் காயப்போட்டுவிட்டு, பிறகு ஊறவைப்பது இந்தச் சூட்சுமம் தெரிந்துதான்.

சூளை ஆறட்டும். கிண்ணத்தை எடுத்துத் தூசி தட்டி, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். கிணற்றில் பிள்ளையாரிடமிருந்து வந்த அதே குமிழிகள், சுவரெங்கும் ஊசிமுனை ஊசிமுனையாக எழும். இடுக்குநீரும் கட்டுநீரும் காலிசெய்துவிட்டுப் போன இடுக்குகளில் இருந்த காற்று அது. குமிழி நின்ற பிறகு கிண்ணத்தை வெளியே எடுத்து, துடைத்து, தராசில் வையுங்கள். 223-க்கு மேலே காட்டும்.